பலகையை அழித்து எழுதும் கேமரா

ஜப்பானில் வாடகைக்கு வீடு எடுத்துக் குடியேறும் வெளிநாட்டுக்காரருக்குத் தெருவைவிட வீடுதான் பெரிய சோதனை. டோக்கியோ ரயில் நிலையங்களில் ஆங்கிலப் பலகை உண்டு. வீட்டு ஏ.சி. ரிமோட்டில் அது இருக்காது. குளிர்காற்று, வெப்பக்காற்று, ஈரம் நீக்கு, நிறுத்து என்று சில பொத்தான்கள். எல்லாவற்றின் மேலும் கான்ஜி எழுத்துகள். குளிர்காற்றுக்கும் வெப்பக்காற்றுக்கும் உள்ள சொற்கள் இரண்டிரண்டு எழுத்து நீளம், அதிலும் இரண்டாவது எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. ரிமோட்டைத் தாண்டினால் வாஷிங் மெஷின். அதையும் தாண்டினால், எந்தக் குப்பையை எந்தக் கிழமை வெளியே வைக்கவேண்டும் என்று நகராட்சி கொடுத்த அட்டவணை. அதற்கும் மேலே வார்டு அலுவலகத்திலிருந்து வரும் கடிதம்: வரியா, காப்பீட்டுக் கட்டணமா, வெறும் அறிவிப்பா என்று உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இங்கெல்லாம் கைகொடுப்பது செல்பேசி கேமராவின் மொழிபெயர்ப்பு வசதி. கூகுள் டிரான்ஸ்லேட், கூகுள் லென்ஸ், ஆப்பிளின் டிரான்ஸ்லேட், மைக்ரோசாஃப்ட் டிரான்ஸ்லேட்டர், கொரிய நிறுவனமான நேவரின் பாப்பகோ என்று பல செயலிகள் இதைச் செய்கின்றன. மொழியைத் தேர்ந்து கேமராவை ரிமோட்டின் மேல் காட்டினால், திரையில் தெரியும் ரிமோட்டில் கான்ஜி மறைந்து, அதே பொத்தான் மேல் ஆங்கிலமோ, செயலியில் இருந்தால் தமிழோ எழுதியிருக்கும். கையை அசைத்தால் எழுத்தும் கூடவே நகரும்.

கண்முன் இருக்கும் காட்சியின் மீது கணினி தான் உருவாக்கியதைப் பொருத்திக் காட்டுவதற்கு ஆக்மென்டட் ரியாலிட்டி என்று பெயர். மிகை யதார்த்தம் என்று தமிழில் எழுதுகிறார்கள். பெயரில் 'மிகை' இருந்தாலும், மொழிபெயர்ப்பு விஷயத்தில் கூட்டுவதற்கு முன் கழித்தல் நடக்கிறது. இருக்கும் எழுத்தை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுத முடியும். இந்த வசதியின் அழகும் ஆபத்தும் அந்த அழிப்பில்தான் இருக்கின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதை நம்பலாம், எதை இன்னொரு முறை பார்க்கவேண்டும் என்பது தானாகவே பிடிபடும்.

இதைப் பொதுமக்கள் கைக்கு முதலில் கொண்டுவந்தது வேர்ட் லென்ஸ் என்ற ஐபோன் செயலி. ஒட்டாவியோ குட், ஜான் டிவீஸ் ஆகியோர் தொடங்கிய குவெஸ்ட் விஷுவல் என்ற சிறு நிறுவனம் 2010 டிசம்பரில் அதை வெளியிட்டது. ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டு மட்டும். இணைய இணைப்பு தேவையில்லை என்பதுதான் அன்றைக்கு ஆச்சரியம். அகராதியைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். இலவசமாகக் கிடைத்த மாதிரிப் பதிப்பு மொழிபெயர்க்காது, காட்சியில் இருக்கும் சொற்களைத் தலைகீழாக்கிக் காட்டும், இல்லாவிட்டால் துடைத்துவிடும். விளையாட்டாகத் தோன்றினாலும் கடினமான பாதி வேலை அதிலேயே முடிந்திருந்தது. 2014 மே மாதம் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2015 ஜனவரியில் அது கூகுள் டிரான்ஸ்லேட்டுக்குள் வந்தது. ஆங்கிலத்தோடு பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், போர்ச்சுகீஸ், ரஷ்யன், ஸ்பானிஷ். அந்த ஜூலையில் மொழிகள் 27 ஆயின. 2019 ஜூலையில் இன்னும் பல மொழிகள் சேர்ந்து எண்ணிக்கை 88ஐத் தொட்டது. ஆப்பிள் இந்த வரிசையில் பிந்தி வந்தது: படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் வசதி 2021இல், கேமரா வழி மொழிபெயர்ப்பு 2022இல்.

இனி உள்ளே போவோம்.

கேமராவிலிருந்து பொதுவாக நொடிக்கு 30 படங்கள் வருகின்றன. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 33 மில்லிநொடி. அந்த அவசரத்தில் செயலி முதலில் கேட்கும் கேள்வி: இந்தப் படத்தில் எழுத்து எங்கே இருக்கிறது? மனிதனுக்கு இது கேள்வியே இல்லை. இயந்திரத்துக்கு மரக்கிளையும் ஜன்னல் கம்பியும் எழுத்தும் ஒன்றுதான், எல்லாம் வெளிச்சப் புள்ளிகள். 2015இல் கூகுள் வெளியிட்ட விளக்கத்தின்படி, ஒரே நிறத்தில் திரண்டிருக்கும் புள்ளிக் கூட்டங்களைச் செயலி தேடுகிறது. ஒரு கூட்டத்துக்குப் பக்கத்தில் அதே நிறத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் மற்றொன்று என்று வரிசையாக வந்தால், அது எழுத்து வரியாக இருக்கலாம் என்று குறித்துக்கொள்கிறது.

அடுத்தது, குறித்துக்கொண்ட ஒவ்வொன்றும் என்ன எழுத்து என்று கண்டுபிடிப்பது. இதைச் செய்வது நரம்பு வலையமைப்பு. ஆயிரக்கணக்கான மாதிரிகளைப் பார்த்துப் பார்த்து, எந்தப் புள்ளி அமைப்பு எந்த எழுத்தாகும் என்பதைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும் நிரல். எழுத்தைக் காட்டிப் பழக்கினால் மட்டும் போதாது. எழுத்து அல்லாததையும் காட்டவேண்டும், இல்லாவிட்டால் கிளையைக்கூட 'ய' என்று வாசித்துவிடும்.

பழக்குவதற்கு உலகெங்கும் போய்ப் பலகைகளைப் படம் எடுத்துவரவேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். கூகுள் குழு செய்தது வேறு. எழுத்துப் படங்களைக் கணினியிலேயே உருவாக்கி, அவற்றின் மேல் பொய்யாக அழுக்கைப் பூசினார்கள். மசியைக் கலைத்தார்கள், ஒளிப்பட்டையைப் போட்டார்கள், கொஞ்சம் சாய்த்தார்கள். உண்மைப் படங்களைப் போதிய அளவில் சேகரிப்பதைவிட இது எளிது, எந்தப் படத்தில் என்ன எழுத்து என்பதும் முன்கூட்டியே தெரியும். சாய்வுக்கு மட்டும் ஓர் எல்லை வைத்தார்கள். தலைகீழாகக் கிடக்கும் எழுத்தையும் படிக்கக் கற்றுக்கொடுத்தால், சிறிய வலையமைப்பு தன் கொள்ளளவை அதற்கே செலவழித்துவிடும்; நேராக இருக்கும் எழுத்தில் தடுமாறும். வலையமைப்பு சிறியதாக இருந்தாகவேண்டும். விலை குறைந்த செல்பேசியில், இணையம் இல்லாமல், கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடவேண்டுமே. இப்போதைய மாதிரிகள் இதைவிட எவ்வளவோ பெரியவை. ஆனாலும் பலகையைக் கூடியவரை நேராகப் பிடியுங்கள் என்ற அறிவுரை இன்றைக்கும் பயன்தருகிறது.

எழுத்துகளைச் சேர்த்தால் சொல் வந்துவிடுமா? இயந்திரம் சில இடங்களில் தவறாகத்தான் படித்திருக்கும். ஆங்கில 'எஸ்' எழுத்தை 5 என்று படிப்பது ரொம்ப சகஜம். எனவே படித்ததை அகராதியோடு ஒப்பிட்டு, கிட்டத்தட்ட ஒத்துப்போகும் சொல்லை எடுத்துக்கொள்கிறது. '5uper' என்று படித்திருந்தால், ஐந்தில் தொடங்கும் சொல் எதுவும் இல்லை, 'சூப்பர்' என்று ஒன்று இருக்கிறது, எனவே அதுதான். பெரும்பாலும் இந்த ஊகம் சரி. எங்கே சறுக்கும் என்றால், அகராதியில் இல்லாதவற்றில்: ஆட்பெயர், ஊர்ப்பெயர், மருந்தின் வணிகப்பெயர், கடையின் விசித்திரமான பெயர். தெரியாத பெயரைத் தெரிந்த சொல்லாக்கி, பிறகு அந்தச் சொல்லுக்கு அர்த்தமும் எழுதிவிடும்.

ஜப்பானிய எழுத்தில் இந்தக் கட்டம் தனி உலகம். பொதுப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த கான்ஜிப் பட்டியலில் மட்டும் 2,136 எழுத்துகள். அவற்றோடு ஹிரகானா, கதகானா என்று இரண்டு ஒலியெழுத்து வரிசைகள். மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. கதகானாவில் 'க' ஒலிக்குரிய எழுத்தும், 'வலிமை' என்ற பொருள்தரும் கான்ஜியும் பார்வைக்கு ஒன்றே. 'ரொ' எழுத்தும் 'வாய்' என்ற கான்ஜியும் அப்படியே. நெடில் ஒலியைக் காட்டும் கோடும் 'ஒன்று' என்ற எண்ணும் ஒரே கோடு. மேலிருந்து கீழாக எழுதினால் அந்த நெடில் கோடு எழுந்து செங்குத்தாக நின்றுகொள்ளும்! எழுத்தை மட்டும் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று பார்க்கவேண்டும். நமக்கும் இது புதிதில்லை. பல அச்செழுத்துகளில் 'ர' எழுத்துக்கும் துணைக்காலுக்கும் வடிவ வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை, நாம் சொல்லை வைத்துத்தான் பிரித்துப் படிக்கிறோம். தமிழ்ப் பலகையை நோக்கிக் கேமராவைத் திருப்பும் வெளிநாட்டுப் பயணியின் செயலியும் அதையே செய்தாக வேண்டும்.

படித்தாயிற்று, மொழிபெயர்க்கவேண்டும். 2010இன் வேர்ட் லென்ஸ் பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் மாற்றிவைத்தது. எச்சரிக்கைப் பலகைக்கு அது போதும், பத்திக்குப் போதாது. கூகுள் 2016 நவம்பரில் நரம்பு வலையமைப்பு மொழிபெயர்ப்புக்கு மாறியது. சொல்லைத் தனியாகப் பார்க்காமல் முழு வாக்கியத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் முறை அது. 2017 ஏப்ரலில் தமிழுக்கும் வந்தது. இணையம் இல்லாமலும் அதே முறை ஓடும்படி 2018 ஜூனில் செய்தார்கள். ஒரு மொழிக்குரிய கோப்பு 35 முதல் 45 எம்.பி. வரைதான். செல்பேசியில் நாலு வீடியோ வைத்திருக்கும் இடத்தில் ஒரு மொழியே அடங்கிவிட்டது.

ஆனால் முழு வாக்கியத்தைப் பார்க்கும் முறைக்கு முழு வாக்கியம் வேண்டும். பலகைகளில் வாக்கியம் எங்கே இருக்கிறது? பொத்தான் மேல் இரண்டு எழுத்து, உணவுப் பட்டியலில் நான்கு எழுத்து. ஏ.சி. ரிமோட்டில் இருக்கிறோமா, மருத்துவமனை வாசலில் இருக்கிறோமா என்பது மொழிபெயர்க்கும் பகுதிக்குத் தெரியாமல் போகலாம். சாப்பாட்டுப் பெயர்கள் இதில் படும் பாடு ஊரறிந்தது. கோழியும் முட்டையும் சேர்த்துச் சோற்றின் மேல் போடும் உணவுக்கு ஜப்பானில் 'ஒயாகோதோன்' என்று பெயர். எழுத்துக்கு எழுத்து எடுத்தால் 'பெற்றோர்-பிள்ளைக் கிண்ணம்'. இன்றைய செயலிகள் இவ்வளவு பிரபலமான பெயரில் அநேகமாகத் தவறுவதில்லை. ஒரு சின்னக் கடைக்காரர் தானே வைத்த பெயரில்தான் மாட்டிக்கொள்ளும்.

தமிழில் படிக்க விரும்புகிறவர்கள் கவனிக்கவேண்டிய இன்னொன்று உண்டு. பல மொழி ஜோடிகளில் இயந்திர மொழிபெயர்ப்பு ஆங்கிலத்தின் வழியாகப் போகிறது. ஜப்பானிய மொழியிலிருந்து ஆங்கிலம், அங்கிருந்து தமிழ். இதில் ஒரு வேடிக்கை. ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும், தமிழிலும் அப்படியே. அங்கும் மரியாதைக்குத் தனி வினை வடிவம் உண்டு, இங்கும் உண்டு. நடுவில் நிற்கும் ஆங்கிலத்தில் இரண்டும் இல்லை. பணிவின் உச்சத்தில் எழுதப்பட்ட கடை அறிவிப்பு தமிழுக்கு வரும்போது 'காலணியைக் கழற்று' என்று அதட்டினால், கடைக்காரர் மேல் கோபப்பட வேண்டாம். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் முக்கியமான விஷயத்தை ஆங்கிலத்திலும் ஒருமுறை மாற்றிப் பார்ப்பது நல்லது. ஒரு கைமாறல் குறைந்தால் ஒரு பிழை வாய்ப்பும் குறையும்.

கடைசிக் கட்டம், எழுதிக் காட்டுவது. பழைய முறையில், எழுத்தைச் சுற்றியுள்ள நிறத்தை எடுத்து அதன் மேல் பூசிவிட்டு, புதிய எழுத்தை அந்த இடத்தில் வைப்பார்கள். வெள்ளைப் பலகையில் சரி. மரத்தின் வரிகள் மேல் எழுதியிருந்தால் சதுரமாக ஓர் ஒட்டு தெரியும். 2022 செப்டம்பரில் கூகுள் லென்ஸுக்கு அறிவிக்கப்பட்ட முறையில், எழுத்துக்குப் பின்னால் என்ன இருந்திருக்கும் என்பதையே நரம்பு வலையமைப்பு ஊகித்து வரைகிறது. புகைப்படத்தில் குறுக்கே வந்தவரை அழிக்கும் வசதிக்கும் அதே வகைத் தொழில்நுட்பம்தான். மரத்தின் வரி, சுவரின் நிழல், சுவரொட்டியின் படம் எல்லாம் தொடர்ந்து ஓடும், அதன் மேல் மொழிபெயர்ப்பு. மொத்த வேலைக்கும் 100 மில்லிநொடிதான் ஆகிறது என்று அறிவித்தார்கள்.

எழுத்து பலகையோடு ஒட்டி நிற்பதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. கேரம் பலகையை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தால், கிட்டத்து விளிம்பு நீளமாகவும் எதிர் விளிம்பு குட்டையாகவும் தெரிகிறதல்லவா? பலகை சதுரம்தான் என்று தெரிந்தால், நான்கு மூலைகளும் படத்தில் எங்கே விழுகின்றன என்பதை வைத்து நாம் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று கணக்கிட்டுவிடலாம். செயலியும் பலகையின் தளத்தைப் பிடித்துக்கொண்டு, கை அசைய அசைய அந்தக் கோணத்தைத் திருத்தி, புதிய எழுத்தையும் அதே அளவு சாய்த்து வரைகிறது. இதனால் ஒவ்வொரு படத்திலும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆரம்ப காலத்தில் ஒரே பலகையை ஒவ்வொரு கணமும் புதிதாகப் படித்ததால், சொல் துடித்துத் துடித்து மாறும். 2019இன் மாற்றத்தில் அந்தத் துடிப்பைக் குறைத்தார்கள்.

எனக்கு இந்தத் துடிப்பு போனதில் பாதி வருத்தம் உண்டு. துடிக்கும் எழுத்து, 'எனக்கு நிச்சயமில்லை' என்று சொல்லாமல் சொன்னது. இன்றைய எழுத்து அசையாமல், பலகையின் நிறத்திலேயே, பலகைக்காரரே எழுதிவைத்த தோரணையில் நிற்கிறது. உள்ளே எழுத்தை அடையாளம் காணும் பகுதியும் மொழிபெயர்க்கும் பகுதியும் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு நம்பக அளவைக் கணக்கிட்டுத்தான் வேலை செய்கின்றன. அந்த அளவு திரைக்கு வருவதில்லை. 99 சதவீத உறுதியோடு படித்த சொல்லும், வேறு வழியில்லாமல் தேர்ந்த சொல்லும் ஒரே எழுத்துருவில், ஒரே தெளிவோடு நிற்கின்றன. சரிபார்க்க மூல எழுத்தைப் பார்க்கலாம் என்றால், அதைத்தான் அழித்தாயிற்று. காகிதத்தில் மொழிபெயர்ப்பு செய்கிறவர்கள் மூலத்தைப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். இங்கே அந்தப் பக்கம் இல்லை.

எனவே நடைமுறையில் செய்யக்கூடிய முதல் காரியம் அந்தப் பக்கத்தைத் திரும்ப உண்டாக்குவது. நேரலையாகப் பார்ப்பதோடு நிற்காமல், படத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். நிறுத்திய படத்தில் மூல எழுத்தையும் மொழிபெயர்ப்பையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் பொத்தான் பெரும்பாலான செயலிகளில் இருக்கும். வேண்டிய வரியை மட்டும் விரலால் தேர்ந்து, எழுத்தாகவே பிரித்தெடுத்துப் படிக்கலாம். ஜப்பானிய எழுத்தே தெரியாதவருக்கு மூலத்தைப் பார்த்து என்ன பயன் என்று தோன்றும். வரி எத்தனை, எண் எத்தனை, எது பெரிய எழுத்தில், எது சிவப்பில் என்று பார்க்க மொழி தெரியவேண்டியதில்லை. மூலத்தில் ஆறு வரி இருந்து மொழிபெயர்ப்பில் நாலு வரி வந்திருந்தால் இரண்டைக் காணோம் என்பது யாருக்கும் தெரியும்.

எண்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நாம் மிக அதிகமாக நம்புவது அவற்றைத்தான். ஜப்பானிய அரசுக் கடிதங்களில் ஆண்டு பேரரசரின் ஆட்சிக்காலத்தை வைத்து எண்ணப்படும். இப்போதைய ரெய்வா ஆட்சிக்காலம் 2019 மே 1இல் தொடங்கியது. ரெய்வா 7 என்றால் 2025. கட்டவேண்டிய கடைசி நாள் '7.3.31' என்று அச்சாகியிருந்தால் அது 2025 மார்ச் 31. செயலி இதை அப்படியே விட்டுவைத்தால் தேதியா, வேறு ஏதாவது எண்ணா என்று நாம் குழம்புவோம். சிறு உணவகங்களில் விலையைக் கான்ஜி எண்களில், செங்குத்தாக, தூரிகையால் எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த முறையில் ஒன்றுக்கு ஒரு கோடு, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. மேலும் கீழுமாக எழுதும்போது ஒன்றும் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் மூன்றாகிவிட இடமுண்டு. பத்துக்கும் ஆயிரத்துக்கும் தலைமேல் ஒரு கீற்றுதான் வித்தியாசம். வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் தமிழர்களுக்கு இதே தொல்லை வேறு உருவில் பழக்கமாகியிருக்கும்: அரபி எண்களில் ஐந்து நம் பூஜ்யத்தின் வடிவில் இருக்கும், ஆறு நம் ஏழைப் போலிருக்கும், பூஜ்யம் வெறும் புள்ளி. புள்ளி படத்தில் விழாவிட்டால் 50 ஐந்தாகிவிடும். அரபி எண்கள் பத்தையும் மனப்பாடம் செய்ய ஒரு மாலை போதும். அந்த ஒரு மாலையைச் செலவழிப்பது எந்தச் செயலியையும்விட மேல் என்பது என் கட்சி.

எதைக் காட்டினால் நன்றாக வரும், எதைக் காட்டினால் வராது என்பதற்கும் காரணங்கள் மேலே சொன்னவற்றிலேயே இருக்கின்றன. தட்டையான பரப்பில், அச்செழுத்தில், நல்ல வெளிச்சத்தில் இருப்பது நன்றாக வரும். புட்டி, டப்பா போன்ற வளைந்த பரப்புகளில் வரி வளைந்து தளக் கணக்கு கெடும்; டப்பாவைத் திருப்பித் திருப்பித் துண்டு துண்டாக எடுக்கவேண்டும். பளபளக்கும் பிளாஸ்டிக் உறையில் விளக்கின் எதிரொளி விழுந்த இடம் வெள்ளையாகிவிடும். உறையைக் கையால் நீவி, சற்றுச் சாய்த்துப் பிடிக்கலாம். எல்.இ.டி. பலகைகளில் விளக்குகள் வரிசை வரிசையாக மின்னி அணைந்துகொண்டிருக்கும். நம் கண் அதை முழு எழுத்தாகப் பார்க்கும், கேமரா எடுக்கும் படத்தில் பாதி வரிகள் இருக்காது. கையெழுத்தும் தூரிகை எழுத்தும் கடையின் அலங்காரச் சின்னமும் இன்னமும் கடினம்தான். தமிழில் பார்ப்பவர்களுக்கு இடப் பற்றாக்குறையும் உண்டு: நான்கு கான்ஜி இருந்த இடத்தில் இருபது முப்பது தமிழ் எழுத்தை நுழைக்கவேண்டும் என்றால் செயலி எழுத்தைப் பொடியாக்கிவிடும். படத்தை நிறுத்திப் பெரிதாக்கினால்தான் படிக்க முடியும்.

பழங்கால எழுத்து இவற்றுக்கெல்லாம் அப்பாற்பட்டது. ஜப்பானில் சுமார் 1900 வரை வழங்கிய குசுஷிஜி என்ற சுழியெழுத்தை இன்றைய ஜப்பானியர்களில் மிகச் சிலரால்தான் படிக்க முடியும். அதற்காகவே அங்குள்ள மானுடப் புலங்களுக்கான திறந்த தரவு மையம் 2021இல் 'மிவோ' என்ற செயலியை வெளியிட்டது. பழைய நூலின் பக்கத்தைக் கேமராவால் எடுத்தால், இன்றைய ஜப்பானிய எழுத்தில் மாற்றிக் காட்டுகிறது. தங்கள் மொழியைத் தாங்களே படிக்கச் செல்பேசியை நீட்டுகிறார்கள். நம் ஊர்க் கோயில் சுவர்களிலுள்ள கல்வெட்டுகளை நினைத்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். மரக்கறி உண்பவர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும் உணவுப் பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்கத்தான் இந்த வசதியை அதிகம் பயன்படுத்துவார்கள். ஜப்பானில் முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, இறால், நண்டு முதலியவை பொட்டல உணவில் இருந்தால் குறிப்பிடவேண்டும் என்பது சட்டம். எனவே அந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்குக் கேமரா பெரும்பாலும் உதவும். மரக்கறிக்காரர் பாடு வேறு. ஜப்பானியச் சமையலின் அடித்தளமான 'தாஷி' என்ற சாறு பெரும்பாலும் உலர்ந்த மீனிலிருந்து எடுக்கப்படுகிறது. மொழிபெயர்ப்பில் அது வெறும் 'சூப்' என்றோ 'சாறு' என்றோ வந்துவிட்டால், மீன் இருக்கும் இடமே தெரியாது. எழுத்தைச் சரியாகப் படித்து, சொல்லையும் சரியாக மாற்றி, அப்படியும் நமக்கு வேண்டிய செய்தி வராமல் போவதற்கு இது உதாரணம். ஒவ்வாமையால் உயிருக்கே ஆபத்து என்றாலோ, மாத்திரை அளவைப் படிப்பது என்றாலோ, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது என்றாலோ, கேமராவின் வேலை 'இது எதைப் பற்றிய தாள்' என்று சொல்வதோடு முடிந்துவிட வேண்டும். மிச்சத்தை மொழி தெரிந்த மனிதரிடம் கேளுங்கள்.

பயணத்துக்கு முன் வீட்டிலேயே வைஃபையில் மொழிக் கோப்பை இறக்கிவைத்துக்கொள்வது நல்லது. விமான நிலையத்தில் சிம் வேலை செய்யாத அரைமணி நேரத்தில்தான் இதற்குத் தேவை வரும். ஆனால் இணையம் இருக்கும்போது கிடைக்கும் மொழிபெயர்ப்பு பொதுவாக இதைவிட மேலானது, ஏனென்றால் அப்போது பெரிய மாதிரிகள் நிறுவனத்தின் கணினிகளில் ஓடுகின்றன. அதாவது உங்கள் படமும் அங்கே போகிறது. குப்பை அட்டவணை போனால் போகட்டும். வங்கிக் கடிதம், மருத்துவ அறிக்கை, குடியிருப்பு அட்டை என்றால் யோசியுங்கள்: விமானப் பயன்முறையில் போட்டு, இறக்கிவைத்த கோப்பைக் கொண்டு படிக்கலாம். அல்லது பெயரும் எண்ணும் உள்ள இடத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டு எடுக்கலாம்.

வார்டு அலுவலகக் கடிதம் மட்டும் எப்படிக் காட்டினாலும் புரியாமல் போகக்கூடும். தவறு கேமராவுடையது அல்ல. மூன்று வரிக்கு நீளும் வாக்கியம், எழுவாய் இல்லாத வினை, அதிகார மொழி. அந்த ஊர்க்காரரே இரண்டு முறை படிப்பார். இதற்கு ஜப்பானியர்களே ஒரு வழி செய்திருக்கிறார்கள். 1995 ஜனவரியில் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தின்போது, ஜப்பானிய மொழியும் ஆங்கிலமும் சரியாகத் தெரியாத வெளிநாட்டவர்களுக்கு மீட்பு அறிவிப்புகள் போய்ச் சேரவில்லை. அதன் பிறகு ஆய்வாளர்கள் உருவாக்கியதுதான் 'யாசஷீ நிஹோங்கோ' என்ற எளிய ஜப்பானிய நடை: குட்டி வாக்கியம், ஒரு வாக்கியத்துக்கு ஒரே செய்தி, கடின கான்ஜிக்கு மேல் ஒலிக்குறிப்பு. மனிதருக்காகச் செய்தது இயந்திரத்துக்கும் சௌகரியமாகிவிட்டது, குட்டி வாக்கியத்தில் அது தடுக்கி விழ இடம் குறைவு. ஆகவே கடிதத்தோடு மல்லுக்கட்டாமல், அதே அறிவிப்பு நகராட்சியின் இணையதளத்தில் இந்த நடையில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பல நகராட்சிகளில் மொழித் தேர்வுப் பட்டியலில் ஆங்கிலம், சீனம், கொரிய மொழிகளுக்குப் பக்கத்தில் எளிய ஜப்பானியமும் தனி மொழியாக நிற்கும்.